இரண்டு பக்கமும் திறக்கும் இழுப்பறை

1

இந்தக் கதை ஓர் அலமாரியிலிருந்து வந்தது. மனதின் ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் பழைய மரச்சாமான் கடையிலிருந்து வண்டிக்காரர்கள் முனகிக்கொண்டே தூக்கிவந்து, என் எழுதும் அறையில் இறக்கிவிட்டுப் போன அலமாரி அது. அதைவிட ஆழமான இடம் எதுவும் இல்லை.

புத்தகம் அடுக்கத்தான் வாங்கினேன். ஆள் உயரம். சின்னச் சின்ன இழுப்பறைகள். இடப்பக்கத்து இழுப்பறைகளின் அடியில் துருக் கோடுகள். வலப்பக்கத்தில் திறந்தால் ஏதோ வேரின் வாசனை, தேன் காய்ந்துபோன வாசனை. நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமானது. அதற்கு முன்பக்கமும் கைப்பிடி, பின்பக்கமும் கைப்பிடி. இந்தப் பக்கம் நின்று இழுத்தால் இந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் நின்று இழுத்தால் அந்தப் பக்கம் போகும்.

விற்றவரிடம் கேட்டேன். அது ஒரு கடையில் இருந்ததாம். தூண்டில் சாமானும் இருமல் மருந்தும் விற்ற கடை. எந்தக் காலத்தில் என்று கேட்டதற்கு, "நான் பொறக்கறதுக்கு முன்னாடி" என்றார். உலகத்தின் காலத்தை அவர் அப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. (முழுக்க அப்படியும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

"ஏரிக்குப் போகும் சாலையில், பனி விலகாத அந்தக் காலை வேளையில், கடையின் மரக் கதவுகள் ஒவ்வொன்றாக —"

வேண்டாம். கதவு திறந்து தொடங்கும் கதைகள் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பனியையும் நான் நம்பவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"கடைக்காரருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அவர் மனைவிக்கு இருமல் வந்ததே இல்லை."

இது பரவாயில்லை என்று தோன்றியது. அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். என் கதைகளை முதலில் பார்ப்பவள் அவள்தான். இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால் கண் எரிகிறது என்கிறாள். அதனால் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள்.

"ரெண்டு வரியிலயும் என்ன இல்லைன்னுதானே சொல்றே? என்ன இருந்துச்சுன்னு சொல்லுடி," என்றாள்.

(இந்த இடத்தில் அவள் இருமினாள். அச்சகத்துக் காகிதத் தூசு என்றாள். கதைக்கு இது தேவையில்லை.)

3

என்ன இருந்தது என்றால், இந்த அலமாரி கடையின் குறுக்கே சுவர்போல நின்றது. அலமாரிக்கு முன்னால் கடை, பின்னால் அடுப்பு. முன்னால் தூண்டில் முட்கள், அளவுவாரியாக. முறுக்கிய நூல் கண்டுகள். ஈயக் குண்டுகள். மூலையில் சாய்த்துவைத்த மூங்கில் கழிகள். பின்னால் ஒரு பெரிய பாத்திரத்தில் வேரும் தேனும் கொதித்துக்கொண்டிருக்கும். கழுவிய சீசாக்கள் ஒரு பலகையில் தலைகீழாக நிற்கும்.

தூண்டில் விற்கிறவர் ஏன் இருமல் மருந்து விற்க வேண்டும்? இதற்கு நான் பல காரணங்கள் யோசித்தேன். தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்பது ஒன்று. இருமினால் மீன் ஓடிவிடும் என்பது இன்னொன்று. "மீனுக்கு ஏதுடி காது?" என்று அக்கா கேட்டதால் அதை அடித்துவிட்டேன். கடைசியில் எனக்குப் பிடித்தது தக்கைதான். தூண்டில் நூலில் மிதக்கவிடவும் தக்கை வேண்டும், சீசாவின் வாயை அடைக்கவும் தக்கை வேண்டும். மூட்டையாக வாங்கினால் மலிவு. மூட்டை வந்ததும் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். சின்னது அவருக்கு, பெரியது அவளுக்கு. ஒரு குடும்பம் நடப்பதற்கு இதைவிட அற்பமான காரணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசலில் ஒரு பித்தளை மணி. கதவைத் தள்ளினால் அடிக்கும். பின்னால் அடுப்படியில் இருக்கிறவளுக்கு ஆள் வந்தது தெரிய வேண்டும் என்பதற்காக மாட்டியது. அந்த மணி இல்லாமல் அவளுடைய வேலை நடக்காது. ஏனென்றால் அங்கே மருந்து கொடுக்கும் முறை வேறு.

மருந்து வாங்க வந்தவர் அலமாரிக்கு முன்னால் நின்று இரும வேண்டும். அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவள் கேட்பாள். வறண்ட இருமலா, சளி கட்டிய இருமலா, தொண்டையில் மட்டும் சுரண்டுகிறதா என்று சத்தத்திலேயே பிரித்து, அதற்குரிய சீசாவை நடு இழுப்பறையில் வைத்துத் தள்ளுவாள். கடைக்காரர் இந்தப் பக்கம் இழுத்து எடுத்துக் கொடுப்பார். வந்தவரின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை.

முகத்தைப் பார்த்தால் என்ன என்று புதிதாக வந்த யாரோ கேட்டபோது, அலமாரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்ததாம்: "முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கும். பாவம் பார்த்தா தேன் அதிகமாயிடும்."

இதில் ஒரு தொல்லை உண்டு. வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தவருக்கு, 'இருமுங்க' என்றதும் இருமல் வராது. கூச்சத்தோடு ஒரு போலிக் கனைப்பு கனைப்பார். உள்ளேயிருந்து ஒன்றும் வராது. கடைக்காரருக்கு இது பழக்கம். ஒரு டப்பா தூண்டில் முள்ளை எடுத்து வைத்து, இது எந்த மீனுக்கு, அது எந்த மீனுக்கு என்று தனக்கே தெரியாத விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். வந்தவர் தன்னை மறக்கும் நேரத்தில் உண்மையான இருமல் வரும். இழுப்பறை நகரும்.*

* இப்படிச் சிலர் மருந்தோடு தூண்டிலும் வாங்கிக்கொண்டு போனதாக எழுதலாமா என்று பார்த்தேன். அக்கா சிரித்தாள். அதனால் இது அடிக்குறிப்பாகவாவது இருக்கட்டும்.

எப்போதாவது இழுப்பறை காலியாக வரும். அதற்கு அர்த்தம்: இந்த இருமலுக்கு நம்மிடம் மருந்து இல்லை, இவர் மலைமேல் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே போனவர்கள் மாதக் கணக்கில் இருப்பார்கள். சிலர் திரும்புவார்கள். சிலர் இல்லை. காலி இழுப்பறையைக் கடைக்காரர் மெதுவாக மூடுவார். வந்தவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், தோளில் கை வைத்து, வெளியே நின்று சொல்வார். கடைக்குள் அதைச் சொல்வதில்லை என்பது அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு.

4

இப்போது கதையின் கஷ்டம்.

கடைக்காரருக்கு இருமல் வந்தது.

சாதாரண ஆளுக்கு வந்தால் மருந்து குடிப்பான். இவர் கடையில் இருமினால் வாசலில் நிற்கிறவர் என்ன நினைப்பார்? தன் வீட்டு இருமலை நிறுத்த முடியாத மருந்து ஊர் இருமலை எப்படி நிறுத்தும் என்று திரும்பிப் போவார். ஆனால் அவர் அடக்கியது வியாபாரத்துக்காக மட்டும் அல்ல. அவளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு சீசாவாகக் குடித்துப் பார்த்துவிட்டார். எதற்கும் கேட்கவில்லை. அவள் மருந்து தன்னிடம் தோற்றது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தார். அப்புறம், அவள் தன் இருமலைக் கேட்டால் எந்தச் சீசாவை வைப்பாள், ஒருவேளை எதையும் வைக்கமாட்டாளோ என்ற பயம். இது முதலில் வந்ததா அது முதலில் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மனிதர்கள் தங்கள் பயங்களை அடுக்கிவைத்த வரிசை வெளியில் நிற்கிறவருக்குத் தெரிவதில்லை. எழுதுகிறவளும் வெளியில்தான் நிற்கிறாள்.

அதனால் அவர் மீன் பிடிக்கப் போனார்.

வாழ்நாளெல்லாம் முள் விற்றவர் முதல்முறையாக ஒரு கழியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தார். தூண்டிலில் இரை வைக்கவில்லை. மீன் மாட்டினால் அதைக் கவனிக்க வேண்டியிருக்கும். அவருக்கு வேண்டியது நிம்மதியாக இரும ஓர் இடம்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். கடையின் பழைய வாடிக்கை. அசையாமல் நிற்பதால் எல்லாரும் அவரைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். கொக்கு சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடைக்கு வந்து, வேறு யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு மீன் வேணும்னா நான் பிடிச்சுத் தரேன். நீங்க வீட்ல உக்காந்து இருமுங்க. நீங்க அங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து ஏரியில மீனெல்லாம் அக்கரைக்குக் குடி போயிடுச்சு."

கடைக்காரர் விரலை உதட்டில் வைத்து அலமாரியைக் காட்டினார்.

அப்போது அவள் பின்னால் இருந்தாளா? இதை நான் தீர்மானிக்க வேண்டும். [கொல்லைப்புறத்தில் சீசா கழுவிக்கொண்டிருந்தாள்.] [அங்கேயேதான் இருந்தாள். கரண்டியின் சத்தம் நின்றது.] இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாக வந்திருப்பதுதான் பிரச்சனை.

5

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, பகல்லதான் ஏரிக்குப் போறான். ராத்திரி தூக்கத்துல இரும மாட்டானா? பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?"

நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். திருட்டு பயம் என்று சொல்லிக் கடையிலேயே படுக்க ஆரம்பித்துவிட்டார் என்றேன்.

"தூண்டில் முள்ளைத் திருட எவன் வருவான்?"

"அதெல்லாம் நல்ல முள்ளு, அக்கா."

"நல்ல முள்ளு. அதையும் அவ நம்பிட்டா." அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "ஊருல இருக்கிறவன் இருமலெல்லாம் கேட்டுக் கண்டுபிடிக்கிறவ, சொந்தப் புருஷன் இருமலைக் கேக்கலைன்னு எழுதினா படிக்கிறவன் புத்தகத்தை மூடிடுவான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவள் தெரியாதவளாக இருந்தால்தான் வசதி. தெரியாமல் ஒரு காரியம் செய்தாள் என்றால் அதற்கு அவள் பொறுப்பில்லை. தெரிந்து செய்தாள் என்றால் நான் அவளுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தெரிந்துகொண்டே ஒருத்தி எத்தனை நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்? எதற்காக? கேட்டுவிட்டால் அவர் பொய் சொல்வார், பொய் சொன்ன பிறகு மறுபடி கேட்க முடியாது என்பதற்காகவா? கேட்கும் உரிமையை ஒருமுறைதான் செலவழிக்க முடியும் என்று நினைத்தாளா?

இந்தக் கேள்விகள் கொஞ்சம் வேகமாகவே எனக்கு வந்தன. அதைக் கவனித்தேன். எழுதுவதை நிறுத்திவிட்டு அலமாரியைத் துடைத்தேன்.

6

ஆனாலும் தெரியாதவளாகவே எழுதினேன். இதோ:

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். ஏரிக்குப் போக வழியில்லை. கடையில் யாரும் இல்லை. கடைக்காரர் ஈயக் குண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மனைவி கொல்லையில் இருப்பதாக நினைத்தார். மழைச் சத்தத்தை நம்பி, முதலில் சின்னதாக ஒன்றை விட்டார். அது தன்னோடு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குண்டுகள் உருண்டு தரையில் விழுந்தன. கடைசியில் உள்ளே இழுத்த மூச்சு பழைய துணி கிழிவதுபோலக் கேட்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு, மரத்தின்மேல் மரம் உரசும் சத்தம்.

நடு இழுப்பறை அவர் பக்கமாக நகர்ந்து வந்து நின்றது.

அதை அவர் எத்தனையோ ஆண்டுகளாக இழுத்திருக்கிறார். இப்போது கைப்பிடியைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. இழுத்தார்.

காலி.

அவர் அதை மூடவில்லை. கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்துச் சொல்வதற்கு ஆள் யாரும் இல்லை.

"வந்தவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" உள்ளேயிருந்து குரல்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்றாரு?"

"யோசிக்கணும்கிறாரு."

"யோசிச்ச வரைக்கும் போதும்னு சொல்லுங்க. இது நேத்து இன்னிக்கு வந்த இருமல் இல்ல."

மழை கொஞ்சம் குறைந்து மறுபடி வலுத்தது.

"அவருக்கு வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி."

"அவளுக்குத் தெரியுமா?"

(இங்கே நிறுத்தினேன். அவருடைய பதிலை நான் எழுதவில்லை.)

7

முடிவுகள். கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அவர் மலைக்குப் போகிறார். கடைப் பலகையில் பாதியை அழித்துவிட்டு, அவள் தூண்டில் சாமான் மட்டும் விற்கிறாள். ஒரு வசந்தத்தில் —

இல்லை.

அவர் போகவில்லை. இழுப்பறைக்குள் ஒரு தக்கையை வைத்துத் திருப்பித் தள்ளுகிறார். அவள் அதை எடுத்து —

தக்கை அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம். செத்துப்போகக்கூடிய ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் அழகு பார்க்கிறேன்.

அவளே முன்பக்கம் வந்து, அவர் முகத்தைப் பார்த்து —

இதை எழுதக் கை ஓடவில்லை. முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவள்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாளே.

8

பிறகு சொல்கிறேன் என்று சொன்னது இது.

அலமாரி வந்தது உண்மை. ஆனால் அது வந்து பல மாதம் சும்மாதான் நின்றது. நான் எழுத உட்கார்ந்தது, தொலைபேசியில் அக்காவின் இருமலை எண்ண ஆரம்பித்த பிறகு. முகம் தெரியாததால் சத்தம் நன்றாகக் கேட்கிறது. முதலில் தொண்டையில் இருந்தது, இப்போது கீழே இறங்கியிருக்கிறது. டாக்டரைப் பார்த்தாயா என்று ஒருமுறை கேட்டேன். "நீ எப்போடி டாக்டருக்குப் படிச்சே?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பேசுவது, அவர் பையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. கதை எழுத வந்தது.

ஆறாம் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'அவளுக்குத் தெரியுமா' என்பதோடு நிறுத்தினேன். அச்சகத்தில் அவள் ஒரு பிழையைப் பார்த்துவிட்டுப் பென்சிலை நிறுத்தும் நேரம் எனக்குத் தெரியும். அந்த மாதிரி நேரம் போயிற்று.

"மணி அடிக்கலயே," என்றாள்.

"என்ன மணி?"

"வாசல்ல மாட்டினியே, பித்தளை மணி. கதவைத் தள்ளினா அடிக்கும்னு எழுதியிருக்கே. அன்னைக்கு யாரும் வரல. மணி அடிக்கல. உள்ள இருக்கிறவளுக்கு அது தெரியும். அப்ப இருமினது யாருன்னும் தெரியும்."

நான் பக்கங்களைப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. மணியை நான்தான் மாட்டினேன், மாட்டியதை மறந்துவிட்டேன். தெரியாதவளாக நான் எழுதிக்கொண்டிருந்தவள், மழைக்குள்ளே மணி அடிக்காததையும் கேட்டுக்கொண்டு, கையில் சீசா எதுவும் எடுக்காமல், இழுப்பறையைத் தள்ளியிருக்கிறாள்.

"தெரிஞ்சுதான் தள்ளியிருக்கா," என்றாள் அக்கா.

"ஆமா."

"தெரிஞ்சேதான் வந்தவர், வந்தவர்னு பேசியிருக்கா."

"ஆமாக்கா."

அவள் இருமினாள். இந்த முறை தூசு என்று சொல்லவில்லை. என் அலமாரியின் நடு இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மலை ஆஸ்பத்திரிக்கு," என்றாள், "தனியாத்தான் போகணுமா? இல்ல, யாராவது கூடப் போகலாமா?"

"கூடப் போகலாம்."

"கடையை யாரு பாத்துப்பா?"

"பூட்டிட்டுப் போகட்டும்க்கா. தூண்டில் முள்ளைத் திருட எவன் வருவான்?"

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்பாகவும் இருக்கலாம். தொலைபேசியில் சில சத்தங்களைப் பிரிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

"இப்ப அந்த ஆளு என்ன பண்றான்? எழுதிட்டியா?"

"இல்ல. நீதான் சொல்லணும்."

"யோசிக்கிறான்னு எழுது," என்றாள். "ஆனா இழுப்பறையை இன்னும் மூடலைன்னும் எழுது."

9

அவர் யோசிக்கிறார். இழுப்பறையை இன்னும் மூடவில்லை.

இதற்குக் கீழே உள்ள இடத்தைக் காலியாகத் தள்ளுகிறேன். காலியாக வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையில் நான் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். கதவைத் திறப்பாளா, திறந்தால் பையை எடுத்துக்கொண்டு வருவாளா என்பதை நான் எழுதிவைக்க முடியாது. மணியை மட்டும் அடிப்பேன்.